ஒளியிழை புரோப் தவறான எண் காட்டினால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

பெங்களூரில் உள்ள எங்கள் லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் தமிழ் பேசுகிறவர்கள். சேலம், வேலூர், கோலார் தங்கவயல் என்று பல ஊர்களிலிருந்து வந்து, யஷ்வந்த்பூர் பக்கம் ரூம் எடுத்துத் தங்கி வேலை பழகுகிறார்கள். முதல் மாதம் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணா, சிக்னல் சரியா வரல." டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? எத்தனை நாளாக, எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று கேட்பார். இந்தக் கருவியையும் அப்படித்தான் கேட்க வேண்டும். கேட்காமலே ஆன்டிபாடியை (குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் பிடிக்கும் எதிர்ப்புரதத்தை) குறை சொல்லி, புதுக் குப்பியைத் திறந்து, ஒரு வாரத்தையும் ஆயிரக்கணக்கான ரூபாயையும் வீணாக்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கருவி இதுதான். 200 மைக்ரான் தடிமன் உள்ள சிலிக்கா ஒளியிழை ஒன்றை ஹேர்பின் போல வளைத்திருக்கிறோம், புரோப் என்பது இதைத்தான். வளைவில் மேலுறை கிடையாது, கண்ணாடி வெறுமையாக இருக்கும். ஒரு முனையில் பச்சை எல்இடி, மறுமுனையில் ஒளியை அளக்கும் ஃபோட்டோடையோடு. இழைக்குள் ஓடும் ஒளி முழுவதும் உள்ளேயே அடைபட்டிருப்பதில்லை. கண்ணாடிச் சுவரைத் தாண்டி ஒரு மெல்லிய படலமாக வெளியே எட்டிப் பார்க்கும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.46, தண்ணீருடையது 1.33, ஒளியின் அலைநீளம் 530 நானோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்தப் படலத்தின் ஆழம் சுமார் 140 நானோமீட்டரில் தொடங்கும். வளைவில் இன்னும் கொஞ்சம் கூடும். சிவப்பணு ஒன்றின் குறுக்களவே 7 மைக்ரானுக்கு மேல் என்பதால், சுவரை ஒட்டி நடப்பது மட்டுமே இந்தக் கருவியின் கண்ணில் படும். ஒளியிழையை இப்படி வளைத்தால் உணர்திறன் கூடும் என்பதைப் பற்றி மும்பை ஐஐடி குழு 2009-ல் எழுதியது. சென்னை ஐஐடியிலும் இதில் நிறைய வேலை நடந்திருக்கிறது.

நாங்கள் தேடுவது டெங்கு வைரஸின் என்எஸ்1 புரதம். இழையின் மேல் ஒரு ஆன்டிபாடி ஒட்டியிருக்கும், அது என்எஸ்1-ஐப் பிடிக்கும். பிறகு 40 நானோமீட்டர் தங்கத் துகள் கட்டிய இரண்டாவது ஆன்டிபாடி வந்து அதன் மேல் உட்காரும். தங்கத் துகள் பச்சை ஒளியை விழுங்கும், ஃபோட்டோடையோடுக்கு வரும் ஒளி குறையும், திரையில் கோடு மேலே ஏறும். மொத்தம் இருபது நிமிட வேலை.

எந்தக் கோளாறானாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எதையும் மாற்றாதீர்கள். கோட்டின் வடிவத்தைப் பாருங்கள். ஏறுகிறதா இறங்குகிறதா? ஒரே குதியலா, மெல்ல மெல்லவா? பஃபரில் (பி.எச். மாறாமல் வைத்திருக்கும் உப்புக் கரைசலில்) கழுவிய பிறகு பழைய இடத்துக்குத் திரும்புகிறதா, அங்கேயே நிற்கிறதா? கழுவியதும் போய்விட்டால் அது திரவத்தின் வேலை. கழுவியும் நின்றால் அது இழையின் மேல் ஒட்டியிருக்கிறது. திரவமே மாறாதபோது நகர்ந்தால் அது பெரும்பாலும் ஒளியின் கோளாறு. இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வெறும் பஃபரில் நிற்கும்போதே கோடு நகர்கிறது

கிளினிக்கில் வரும் தவறான எண்களுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம் என்பதால் இதில் நேரம் செலவிடுவது நியாயம். புரோப்பை பஃபரில் வைத்துவிட்டு, பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். நீங்கள் அளக்கப்போகும் மிகச் சிறிய சிக்னலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கோடு நகர்ந்தால் அன்று சாம்பிளைத் தொடக் கூடாது. இது நாங்கள் எங்களுக்கு வைத்துக்கொண்ட விதி.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? திரையில் கோடாக ஏறுவது அப்சார்பன்ஸ், அதாவது ஒளி எவ்வளவு குறைந்தது என்பதன் அளவு. அதில் 0.01 என்பது ஒளி 2.3 சதவீதம் குறைவது. எல்இடியின் பிரகாசம் ஒரு சதவீதம் குறைந்தாலே 0.004-க்கு மேல் ஏறிவிடும். நோயாளியின் ரத்தத்தில் எதுவும் இல்லாமலே, எல்இடி சூடானதை வைத்து "லேசான பாசிட்டிவ்" என்று எழுதிவிட முடியும்.

கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். எல்இடி சூடாகும்போது மங்கும், ஆகவே கோடு ஏறும். முதல் சில நிமிடங்களில் வேகமாக ஏறி, பிறகு படிப்படியாகப் படுத்துவிடும். பஃபர் சூடாகும்போது நேர்மாறாக நடக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 5 டிகிரி தண்ணீர் 25 டிகிரிக்கு வருவதற்குள் அதன் ஒளிவிலகல் எண் 0.0014 அளவு குறையும். வெளியே கசியும் ஒளியும் குறையும், கோடு இறங்கும். ஏறிப் படுத்தால் எல்இடி, இறங்கிப் படுத்தால் குளிர்ந்த பஃபர். முன்னதற்கு மருந்து, கருவியை அரைமணி நேரம் முன்பே போட்டு வைப்பது. பின்னதற்கு, பஃபரை அரைமணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைப்பது. இரண்டும் ஒன்றாக நடந்தால் ஒன்றை ஒன்று மறைத்து, கோடு நேராக இருப்பது போலத் தெரியும். அது கொஞ்ச நேரம்தான், சாம்பிள் வைத்த பிறகு கலையும். அதனால் இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

அரைமணிக்குப் பிறகும் ஏறிக்கொண்டே இருந்தால் எல்இடிக்குக் கரண்ட் எப்படிப் போகிறது என்று பாருங்கள். எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கிய எல்இடியை ஒரு ரெசிஸ்டர் போட்டு யுஎஸ்பியில் இணைத்தால் எரியத்தான் செய்யும். ஆனால் லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது ஒரு வோல்டேஜ், சார்ஜரைப் பிடுங்கினால் இன்னொன்று. எல்இடியைக் கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவரில் ஓட்டுங்கள். இன்னும் நல்லது, இரண்டாவது ஃபோட்டோடையோடு ஒன்றை எல்இடியை நேராகப் பார்க்கும்படி வைத்து, இரண்டின் விகிதத்தை எடுப்பது. விகிதம் நேராக நின்று, தனிக் கோடு மட்டும் நகர்ந்தால் குற்றவாளி எல்இடி. விகிதமும் நகர்ந்தால் இழையையோ திரவத்தையோ பாருங்கள்.

இழையைச் சோதிக்க ஒரு பேனா போதும். வளைவைத் தொடாமல், மேலே உறையுள்ள பகுதியைப் பேனா முனையால் மெல்லத் தட்டுங்கள். கோடு துள்ளினால் கனெக்டர் தளர்ந்திருக்கிறது, அல்லது இழை எங்கோ தொங்குகிறது. இழையை டேப் போட்டு மேசையோடு படியவையுங்கள். முனைகளை நூல் உதிராத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். பிளாஸ்டிக் இழையாக இருந்தால் அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், முனை வெள்ளை பூத்துவிடும்.

கோடு ஓரிடத்தில் நிற்கிறது, ஆனால் நடுங்குகிறது

ட்யூப் லைட்டை அணையுங்கள். நடுக்கம் நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் போட்ட ட்யூப் லைட் வினாடிக்கு 100 முறை மினுக்கும். அளவெடுக்கும் நேரத்தை 20 மில்லிசெகண்டின் மடங்காக வையுங்கள். எல்இடியை எரியவிட்டு ஒன்று, அணைத்து ஒன்று என்று இரண்டு அளவு எடுத்துக் கழியுங்கள். மேலே கறுப்பு மூடி கட்டாயம். ஜன்னல் வெயில் மேசையில் நகர்ந்து வருவதும் இதில் சேரும், ஆனால் அது நடுக்கமாகத் தெரியாது, மெதுவான டிரிஃப்டாகத் தெரியும்.

திடீரென்று ஒரு படி

கீழ்நோக்கி விழுந்தால் காற்றுக்குமிழி. காற்றின் ஒளிவிலகல் எண் 1 என்பதால் குமிழி ஒட்டிய இடத்தில் ஒளி மிகக் குறைவாகவே கசியும், ஃபோட்டோடையோடுக்குக் கூடுதல் ஒளி வரும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வளைவின் உட்பக்கம் கடுகை விடச் சின்னதாக வெள்ளிப் பொட்டு போல மின்னும். புரோப்பை வெளியே எடுத்து, சாய்வாக மீண்டும் இறக்கினால் பெரும்பாலும் போய்விடும். குளிர்ந்த பஃபர் சூடாகும்போது கரைந்திருந்த காற்று குமிழியாக வெளியேறும். பஃபரை முன்பே வெளியே எடுத்து வைக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

மேல்நோக்கி ஏறினால் இழை அசைந்திருக்கும், அல்லது ஏதோ ஒரு பிசிறு வந்து ஒட்டியிருக்கும். பேனா சோதனையையே செய்யுங்கள்.

சாம்பிளில் இறக்கிய நொடியிலேயே பெரிய சிக்னல்

இதைப் பார்த்து யாரும் சந்தோஷப்படக் கூடாது. ஆன்டிபாடி என்எஸ்1-ஐப் பிடிக்க நேரம் வேண்டும். மூலக்கூறு மிதந்து வந்து சுவரைத் தொட வேண்டும், சரியான பக்கம் திரும்ப வேண்டும். அந்த ஏற்றம் நிமிடக் கணக்கில் வளைந்து ஏறும். இரண்டு வினாடியில் செங்குத்தாக ஏறியது எதுவும் பிணைப்பு அல்ல. சீரத்தின் (ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீரின்) ஒளிவிலகல் எண் பஃபரை விட அதிகம், அது சுமார் 1.35. ஏற்றத்தின் பெரும் பகுதி அதிலிருந்து வருவது. கழுவினால் போய்விடும்.

ஆனால் இதே அறிகுறியில் வேறொன்றும் ஒளிந்திருக்கும். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஸ்ரீராமபுரம் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை பார்க்கும் லேப் டெக்னீஷியன் அக்கா. ஒரு மழைக்காலத்தில் அங்கே மிஞ்சிய சாம்பிள்களை உரிய அனுமதியோடு வாங்கி, எங்கள் கருவியின் எண்ணை எலைசாவோடு, அதாவது லேபில் வழக்கமாகச் செய்யும் ஆன்டிபாடிச் சோதனையோடு, ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்போது சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று, கழுவாமலே கடைசி அளவை எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் காலையில் வந்த சாம்பிள்களில் நான்கு பாசிட்டிவ் வந்தது. எலைசாவில் நான்கும் நெகட்டிவ். நான் ஆன்டிபாடியைச் சந்தேகப்பட்டு, லாட் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா ட்யூப் ஸ்டாண்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"தம்பி, கிராஃபையே பாத்துக்கிட்டு இருக்கீங்களே, ட்யூபு என்ன கலர்ல இருக்குன்னு பாத்தீங்களா?"

பார்த்தேன். நல்ல சீரம் வெளிர் மஞ்சளாக, சோறு வடித்த கஞ்சியில் துளி மஞ்சள் கலந்தது போல இருக்கும். அந்த நான்கும் மாதுளைச் சாற்றில் தண்ணீர் ஊற்றிய நிறம். சிவப்பணு உடைந்து ஹீமோகுளோபின் வெளியே வந்துவிட்டது. ஹீமோகுளோபின் 541, 577 நானோமீட்டர்களில் ஒளியை நன்றாக விழுங்கும், எங்கள் பச்சை எல்இடி அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. போதாததற்கு ஹீமோகுளோபின் கண்ணாடியில் கொஞ்சம் ஒட்டவும் செய்யும்.

அன்று காலையில் புதிதாக வந்த ஒருவர் ரத்தத்தை சிரிஞ்சில் எடுத்து, ஊசியைக் கழற்றாமலே ட்யூபுக்குள் வேகமாக அழுத்தியிருக்கிறார். ஊசித் துளையில் பிதுங்கும்போது அணுக்கள் உடைகின்றன. ஸ்பிரிட் காய்வதற்குள் குத்துவது, விரல் நுனியில் குத்திவிட்டுப் பிழிந்து பிழிந்து எடுப்பது ஆகியவற்றாலும் இதே விளைவு வரும். கருவியில் எந்தப் பழுதும் இல்லை. முறையில்தான் பிழை, அந்த முறையை வகுத்தது நான்.

அதற்குப் பிறகு மூன்று மாற்றங்கள் செய்தோம். கடைசி எண்ணை எப்போதும் கழுவிய பிறகு, சுத்தமான பஃபரில்தான் எடுக்கிறோம். பச்சையோடு ஒரு சிவப்பு எல்இடியும் சேர்த்தோம். 650 நானோமீட்டரில் 40 நானோமீட்டர் தங்கமும் ஹீமோகுளோபினும் மிகக் குறைவாகவே விழுங்கும், ஆனால் ஒளிவிலகல் மாற்றம் இரண்டு நிறத்திலும் தெரியும். இரண்டும் சேர்ந்து ஏறினால் திரவம், பச்சை மட்டும் ஏறினால் தங்கமோ ஹீமோகுளோபினோ. மூன்றாவது, நோட்டில் ட்யூபின் நிறத்துக்கு ஒரு கட்டம் போட்டோம். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் யாரும் எண்ணை எழுதக் கூடாது. அந்த நாட்களிலும் நோயாளிக்குப் போன ரிப்போர்ட் எலைசாவை வைத்துத்தான் போனது. ஆராய்ச்சியில் இருக்கும் கருவியின் எண் யாருடைய சிகிச்சையையும் தொடக் கூடாது.

பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கும் ஒன்றும் ஏறவில்லை

பாசிட்டிவ் கன்ட்ரோல் என்பது என்எஸ்1 இருப்பது நமக்கே தெரிந்த சாம்பிள். இங்கே கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி நடந்து வாருங்கள். தங்கம், ஆன்டிபாடி, அதைக் கண்ணாடியோடு பிணைக்க இழையின் மேல் பூசிய அமீன், கண்ணாடி. முதல் படியிலிருந்து தேடினால் ஒரு வாரம், கடைசியிலிருந்து தேடினால் பெரும்பாலும் ஒரு மதியம்.

தங்கக் கரைசலை வெள்ளைத் தாளின் முன் பிடித்துப் பாருங்கள். நல்ல 40 நானோமீட்டர் தங்கம் செம்பருத்தி டீ போலத் தெளிந்த சிவப்பு. நாவற்பழச் சாயலோ நீலமோ தெரிந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. அதைக் கொட்டிவிடுங்கள், குலுக்கினால் திரும்பாது. வெறும் தங்கத்தை உப்புள்ள பி.பி.எஸ். பஃபரில் போட்டாலும், ஃப்ரீசரில் வைத்து உறையவிட்டாலும் இப்படி ஆகும். ஆன்டிபாடி கட்டிய தங்கம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, 100 மைக்ரோலிட்டரில் 10 மைக்ரோலிட்டர் பத்து சதவீத உப்புக் கரைசல் விட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். சிவப்பு மாறாவிட்டால் ஆன்டிபாடி துகளை நன்றாகப் போர்த்தியிருக்கிறது. நீலத்துக்குத் திரும்பினால் ஆன்டிபாடி அளவோ பி.எச். அளவோ சரியில்லை.

தங்கம் சரியென்றால் இழையில் ஒட்டிய ஆன்டிபாடி. ஆன்டிபாடிக் குப்பியின் லேபிளைப் படியுங்கள். பல கம்பெனி ஆன்டிபாடிகள் கெடாமல் இருக்க பி.எஸ்.ஏ. (மாட்டுச் சீரத்தின் ஆல்புமின் புரதம்) கலந்து வரும். குளுட்டரால்டிஹைட் (அமீனையும் புரதத்தையும் இணைக்கும் ஆல்டிஹைட்) பூசிய இழைக்கு எது ஆன்டிபாடி, எது பி.எஸ்.ஏ. என்று தெரியாது, வந்ததைப் பிடித்துக்கொள்ளும். பி.எஸ்.ஏ. பல மடங்கு அதிகமாக இருப்பதால் இழை முழுக்க அதுதான் உட்காரும். ட்ரிஸ் பஃபரும் கிளைசினும் இதே கேட்டைச் செய்யும், இரண்டிலும் அமீன் உண்டு. ஒட்டும் படிக்கு இவை எதுவும் இல்லாத ஆன்டிபாடி வேண்டும். இருந்தால் முதலில் பஃபர் மாற்றிவிடுங்கள்.

அதுவும் சரியென்றால் அமீன் படலம். இதைச் சோதிக்கக் கருவியையே பயன்படுத்தலாம், எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. அமீன் பூசிய இழையை, எதுவும் கட்டாத சிட்ரேட் தங்கக் கரைசலில் இறக்குங்கள். சுத்தமான தண்ணீரில் உள்ள கரைசலாக இருக்க வேண்டும், பி.பி.எஸ். கூடாது. அமீன் நேர்மின்சுமை, சிட்ரேட் தங்கம் எதிர்மின்சுமை. அமீன் இருந்தால் சில நிமிடங்களில் கோடு விறுவிறுவென்று ஏறும். வெளியே எடுத்தால் வளைவே கண்ணுக்கு இளஞ்சிவப்பாகத் தெரியும். ஏறாவிட்டால் சிலேன் படி, அதாவது கண்ணாடியில் அமீனை ஏற்றும் படி, தோற்றுவிட்டது. அந்த இழையை அதற்குப் பிறகு பயன்படுத்த முடியாது. ஆனால் அந்தத் தொகுதியில் ஒன்றைத் தியாகம் செய்து மற்ற இருபதின் நிலையைத் தெரிந்துகொள்ளலாம்.

சிலேன் படி தோற்பதற்கு பெங்களூரில் மழைக்காலம் ஒரு காரணம். ஜூனிலிருந்து அக்டோபர் வரை காற்றில் ஈரம். அமினோ சிலேன் பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் திறந்தால், வாய் விளிம்பில் வியர்ப்பது கண்ணுக்கே தெரியும். அந்த ஈரம் உள்ளே போனதும் சிலேன் தனக்குள்ளேயே கோத்துக்கொண்டு கலங்கும். அதைப் பூசினால் ஒற்றைப் படலத்துக்குப் பதிலாகத் திட்டுத்திட்டாக ஒரு பிசின் படியும், அது முதல் கழுவலிலேயே உரிந்து போகும். பாட்டில் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து, சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள். ஒவ்வொரு தொகுதியோடும் ஒரு கவர் ஸ்லிப்பையும் சேர்த்துப் பூசுங்கள். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர்த்துளி பரவிப் படியும், சிலேன் ஏறிய கண்ணாடியில் குமிழாக நிற்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

கண்ணாடியைச் சுத்தம் செய்யப் பிரானா கரைசல் பயன்படுத்தினால், அதாவது அடர் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்தது, தனியாக ஒருபோதும் செய்யாதீர்கள். ஃப்யூம் ஹூட், முகக்கவசம், அமிலக் கையுறை மூன்றும் வேண்டும். இழையை அதற்கு முன் அசிட்டோனில் கழுவியிருந்தால் தண்ணீரில் பலமுறை அலசி உலர்த்துங்கள், அசிட்டோன் அதில் பட்டால் வெடிக்கும். புதுக் கரைசலை மூடி போட்டு வைக்கவும் கூடாது.

என்எஸ்1 இல்லாத சாம்பிளிலும் கோடு மெல்ல ஏறுகிறது, கழுவியும் நிற்கிறது

வடிவத்தைப் பார்த்தால் உண்மையான பாசிட்டிவ் போலவே இருக்கும். அதனால்தான் இது எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஏதோ ஒன்று இழையில் ஒட்டுகிறது, ஆனால் நாம் தேடுவது அல்ல.

முதலில் சீரமே வேண்டாம். வெறும் பஃபர், பிறகு தங்க ஆன்டிபாடி என்று ஓட்டுங்கள். அப்போதும் ஏறினால் தங்கம் நேராக இழையில் ஒட்டுகிறது. மூடாமல் மிஞ்சிய அமீன், ஆல்டிஹைட் இடங்கள்தான் காரணம். மிஞ்சிய ஆல்டிஹைடைக் கிளைசின் கொண்டு அடைத்து, பிறகு பி.எஸ்.ஏ.வில் இன்னும் நேரம் ஊறவிடுங்கள். முன்னே கெடுத்த கிளைசின் இங்கே உதவிக்கு வருகிறது. கழுவும் பஃபரில் 0.05 சதவீதம் ட்வீன் 20 (சோப்பு போன்ற ஒரு பொருள்) சேருங்கள்.

பஃபரில் ஏறாமல் சீரத்தில் மட்டும் ஏறினால், அதுவும் சிலருடைய சீரத்தில் மட்டும் என்றால், நோயாளியின் ரத்தத்தில் உள்ள ஏதோ ஒன்று நம் இரண்டு ஆன்டிபாடிகளுக்கும் பாலம் போடுகிறது. முடக்குவாதக் காரணி அப்படிச் செய்யும். நாம் பயன்படுத்துவது போன்ற எலி ஆன்டிபாடிகளைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் சிலருக்கு உடம்பிலேயே இருக்கும். சாம்பிள் பஃபரில் சாதாரண எலி ஐஜிஜி (எலி ரத்தத்தின் பொதுவான ஆன்டிபாடி) கொஞ்சம் சேர்த்தால் அவை அதைப் பிடித்துக்கொண்டு போய்விடும்.

ஒவ்வொரு சாம்பிளுக்கும் இரண்டு புரோப் ஓட்டுங்கள். ஒன்றில் என்எஸ்1 ஆன்டிபாடி, இன்னொன்றில் சம்பந்தமே இல்லாத ஓர் ஆன்டிபாடி. இரண்டும் ஏறினால் அது என்எஸ்1 அல்ல. செலவு இரட்டிப்பாகிறது என்று சொல்வார்கள். ஒரு குழந்தையின் அப்பாவிடம், குழந்தைக்கு இல்லாத டெங்குவைச் சொல்லி அனுப்பும் செலவை விட இது குறைவு.

ஒரே சாம்பிள், மூன்று புரோப், மூன்று எண்

வேதியியலுக்குப் போகாதீர்கள், வளைவைப் பாருங்கள். கையால் தீயில் வளைத்த புரோப்களில் வளைவின் ஆரம் கொஞ்சம் மாறினாலும் உணர்திறன் மாறும். எந்தப் பூச்சும் இல்லாமலே, சர்க்கரைக் கரைசலில் இதைச் சோதித்துவிடலாம். எடைக்கணக்கில் 5 சதவீதத்துக்கு ஒளிவிலகல் எண் 1.3403, 10 சதவீதத்துக்கு 1.3478, 20 சதவீதத்துக்கு 1.3639. இது 20 டிகிரியில் உள்ள கணக்கு. ஒவ்வொரு புரோப்பும் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்து, நடுவில் வரும் கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஏறுகிறது என்று ஒரு புரோப்பைத் தனியாகச் செல்லம் கொடுத்து வைத்துக்கொள்வதில் பயனில்லை. கிளினிக்குக்கு வேண்டியது ஒன்றுபோல நடந்துகொள்ளும் நூறு புரோப்கள்.

சோதித்த பிறகு தண்ணீரில் நன்றாக அலசுங்கள், சர்க்கரைப் பிசுக்கு சிலேனைத் தடுக்கும்.

காய்ச்சல் கடுமை, எண் மட்டும் குறைவு

சாம்பிளையும் தங்க ஆன்டிபாடியையும் ஒன்றாகக் கலந்து ஊற்றும் ஒற்றைப் படி முறையில் இது நடக்கும். என்எஸ்1 மிக அதிகமாக இருந்தால் இழை ஆன்டிபாடியையும் தங்க ஆன்டிபாடியையும் அது தனித்தனியாக நிரப்பிவிடும், இரண்டும் சேர இடம் இருக்காது. சாம்பிளைப் பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்த்து ஓட்டுங்கள். நீர்த்தது கூடுதலாகக் காட்டினால் இதுதான். நடுவில் ஒரு கழுவல் வைத்து இரண்டு படியாக்கினால் பெரும்பாலும் தீரும்.

நீர்த்தும் ஏறாவிட்டால், காய்ச்சல் வந்து எத்தனை நாள் என்று கேளுங்கள். என்எஸ்1 முதல் நாட்களில்தான் ரத்தத்தில் நன்றாகத் தெரியும். ஐந்து நாள் தாண்டியவருக்கு ஐஜிஎம், அதாவது உடம்பு டெங்குவுக்கு எதிராக முதலில் உண்டாக்கும் ஆன்டிபாடி, பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்தவருக்கு உடம்பில் உள்ள ஆன்டிபாடிகள் என்எஸ்1-ஐ முன்பே பிடித்துக்கொள்வதால் இன்னும் சீக்கிரம் குறையும். கருவியைத் திறந்து பார்க்க வேண்டிய கேள்வி இதுவல்ல.

லேபில் சரி, கிளினிக்கில் சரியில்லை

புரோப் டப்பாவில் உள்ள சிலிக்கா ஜெல் மணிகளின் நிறத்தை முதலில் பாருங்கள். நீல மணி இளஞ்சிவப்பாகியிருந்தால் ஈரம் ஏறிவிட்டது, அந்த டப்பாவில் உள்ள ஆன்டிபாடியை நம்ப முடியாது. ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து உலர்த்திய புரோப் ஓரளவு தாங்கும், உலர்த்தாமல் வைத்தது தாங்காது. மார்ச், ஏப்ரலில் நேர்மாறான தொல்லை. காற்று வறண்டிருப்பதால், மூடாமல் வைத்த 50 மைக்ரோலிட்டர் சாம்பிள் ஃபேனுக்குக் கீழே கண்ணெதிரே சுருங்கும். உப்பும் புரதமும் அடர்ந்து கோடு ஏறும். சின்ன மூடி போதும்.

கழுவும் பஃபரை அங்கே எந்தத் தண்ணீரில் கரைத்தார்கள் என்று கேளுங்கள். டேங்கர், போர்வெல் தண்ணீரில் கரைத்தால் சுண்ணாம்புச் சத்து பாஸ்பேட்டோடு சேர்ந்து மெல்லிய வெள்ளைப் படிவு வரும். நாங்கள் இப்போது கரைத்து வடிகட்டிய பஃபரையே பாட்டிலில் கொடுத்தனுப்புகிறோம்.

உடைந்த இழை விஷயத்தில் மட்டும் யாரும் அலட்சியமாக இருக்கக் கூடாது. ரத்தம் பட்ட சிலிக்கா இழைத் துண்டு கண்ணுக்குத் தெரியாத ஊசி. பயன்படுத்திய ஊசிகளைப் போடும் வெள்ளை நிறக் கெட்டி டப்பாவில்தான் அது போக வேண்டும், சிவப்புப் பையில் அல்ல. மேசையில் விழுந்தால் கையால் தடவித் தேடாமல், கையுறை போட்டு டேப்பின் பசைப்பக்கத்தால் ஒற்றி எடுங்கள்.

இத்தனையிலும் எதுவும் பொருந்தவில்லையென்றால் புரோப்பைக் கழற்றாதீர்கள். அப்படியே பஃபரில் விட்டுவிட்டு, மூல ஃபைலை எனக்கு அனுப்புங்கள். கடைசி எண் எனக்கு வேண்டாம், முதல் நொடியிலிருந்து உள்ள முழுக் கோடும் வேண்டும். கூடவே ட்யூபின் நிறம், காய்ச்சலின் நாள், பஃபரை வெளியே எடுத்த நேரம், கழுவிய நேரம், புரோப்பின் தொகுதி எண், ட்யூப் லைட் எரிந்ததா என்பது வரை எழுதுங்கள். அந்த அக்கா இதையெல்லாம் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதி, வாட்ஸப்பில் போட்டோ எடுத்து அனுப்புவார். அவர் அனுப்பிய தாள்களில் பலவற்றுக்கு, நான் கிளினிக்குக்குப் போகாமலே பதில் சொல்ல முடிந்திருக்கிறது.